சம்பாவில் ஒரு பிறந்தநாள்

ஏப்ரல் 18, ரிஷிகேஷ்

சம்பா என்றால் நமக்கு நெல்தான் நினைவுக்கு வரும். வடக்கே அந்தப் பெயரில் இரண்டு மலையூர்கள் இருக்கின்றன என்பதையும், ஒன்று இமாச்சலப் பிரதேசத்திலும் மற்றொன்று உத்தராகண்டின் டேஹ்ரி கர்வால் மாவட்டத்திலும் இருக்கிறது என்பதையும், அறைக்கு முன்பணம் கட்டி ஒரு வாரம் கழித்து, இன்று காலை ரிஷிகேஷ் ஜீப் நிறுத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். விடுதியின் முகவரியை ஓட்டுநரிடம் காட்டினேன். அவர் கைப்பேசியை வாங்கிப் படித்தார், பக்கத்து ஜீப்காரரிடம் காட்டினார், இருவரும் சிரித்தார்கள். "பைஜி, இந்த விடுதிக்குப் போக வேண்டுமென்றால் பதான்கோட்டில் அல்லவா இறங்கியிருக்க வேண்டும்" என்றார். பைஜி என்றால் கர்வாலி மொழியில் அண்ணன். கட்டிய 1,400 ரூபாய் திரும்ப வராது. தவறு முழுவதும் என்னுடையது என்பதால் யாரையும் நொந்துகொள்ள வழியில்லை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் எங்கள் ஊர்ச் சாவடியின் சுவரில் இருக்கும் ஒரு சலவைக்கல். 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்தக் கிராமத்திலிருந்து 11 பேர் சென்றார்கள், அவர்களில் ஒருவர் உயிர் துறந்தார் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட கற்கள் தமிழ்நாட்டின் வேறு பல ஊர்களிலும் உண்டு. எண்ணிக்கை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எங்கள் கல்லில் பெயர் எதுவும் இல்லை. அந்த ஒருவர் யார் என்று சிறுவயதில் தாத்தாவிடம் கேட்டதற்கு, "யாரோ பட்டாளத்துக்காரன்" என்றார். பொங்கலுக்குச் சாவடிக்கு வெள்ளையடிக்கும்போது கல்லின் மீதும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பிறகு யாராவது ஒரு பையன் ஆணியால் எழுத்தைச் சுரண்டித் துலக்குவான். அந்தப் பையனாக நானும் சில வருடங்கள் இருந்திருக்கிறேன்.

அதே போரில், பிரான்சில், இருபது வயது நிரம்பாமல் இறந்துபோன ஒரு சிப்பாயின் பிறந்தநாளை ஒரு மலையூர் ஆண்டுதோறும் திருவிழாவாகக் கொண்டாடுகிறது என்று அறிந்த நாளிலிருந்தே போய்ப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். அவர் பெயர் கபர் சிங் நேகி. 39-ஆம் கர்வால் ரைபிள்ஸின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்தவர். சம்பாவை அடுத்த மஞ்சியூட் கிராமத்தில் 1895 ஏப்ரல் 21 அன்று பிறந்தார். 1915 மார்ச் 10 அன்று நெவ் ஷப்பெல் என்ற ஊரில் கொல்லப்பட்டார்.

ஏப்ரல் 19, சம்பா

ஜீப்பில் பத்துப் பேர். ஆளுக்கு 250 ரூபாய். நரேந்திரநகரைத் தாண்டியதும் சாலை பாம்பாக வளையத் தொடங்கியது; நான்காவது வளைவில் பின்னிருக்கைப் பையன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான், ஆறாவது வளைவில் என் முறை வருமோ என்று தோன்றியது. அருகிலிருந்த அம்மாள் ஒன்றும் கேட்காமலே தன் பையிலிருந்து அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து, உப்பைத் தடவி, என் கையில் வைத்தார். வழி முழுவதும் அதை நக்கிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது நன்றி சொன்னதற்கு, "புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இரண்டு பழம் எடுத்து வருவேன்" என்றார்.

சம்பா ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில், நான்கு பக்கமும் சாலை பிரியும் ஒரு முகட்டில் இருக்கிறது. திருவிழா என்பதால் அறை கிடைக்கவில்லை. மூன்றாவது விடுதிக்காரர் என்னைத் தன் மருமகன் வீட்டு மாடிக்கு அழைத்துப் போய், 900 ரூபாய்க்கு ஓர் அறையைத் திறந்துவிட்டார். கம்பளியில் அந்துருண்டை வாசம். ஜன்னலைத் திறந்தால், வடக்கே வெகுதூரத்தில், மேகம் எது பனிமலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு வெண்கோடு.

இரவுச் சாப்பாட்டில் எனக்கொரு வியப்பு காத்திருந்தது. மண்டுவா ரொட்டி, கஹத் பருப்பு, ஜங்கோரா கீர் என்று பெயர் சொல்லி ஒவ்வொன்றாக வைத்தார்கள். மண்டுவா என்பது நம் கேழ்வரகு, கஹத் என்பது கொள்ளு, ஜங்கோரா என்பது குதிரைவாலி. கொள்ளை அரைத்து நெய்யில் தாளித்திருந்தார்கள்; கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் எங்கள் பக்கத்துக் கொள்ளுக்கடையல் என்றே சொல்லியிருப்பேன். 130 ரூபாய். வயிற்றுக்குக் கேழ்வரகும் கொள்ளும் தந்த சரிவுநிலம் மற்றச் செலவுக்குக் காசு தராததால்தான் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போனார்கள் என்று பரிமாறிய பெரியவர் சொன்னார். அந்தக் காலத்தில் சிப்பாயின் சம்பளம் மாதம் 11 ரூபாய். அது வீட்டுக்கு மணியார்டராக வரும்.

சம்பா அப்போது பிரிட்டிஷ் ஆட்சிக்கு நேராக உட்பட்ட பகுதியாகக்கூட இல்லை. டேஹ்ரி மன்னரின் சமஸ்தானத்துக் குடிமகன் ஒருவன், மலைகளைத் தாண்டி, கர்வால் பட்டாளம் முகாமிட்டிருந்த லான்ஸ்டௌனுக்குப் போய், வெள்ளைக்காரப் பட்டாளத்தில் 1913-இல் சேர்ந்தான். அடுத்த ஆண்டே போர் வந்தது.

ஏப்ரல் 20, சம்பா

நாற்சந்தியில் நினைவிடம். ஏணி போட்டுச் சிலையை ஒருவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். காது மடலுக்குள் சேர்ந்திருந்த தூசியை, குழந்தைக்குக் குளிப்பாட்டுவதைப் போல, துணிநுனியைத் திருகி எடுத்தார். கீழே கம்பங்களில் காகிதக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையோரத்தில் ராட்டினம் பூட்டும் ஆட்கள், வளையல் கடைக்காரர்கள், ஜிலேபிக்கு அடுப்பு வெட்டுகிறவர்கள்.

எதிரே இருந்த தேநீர்க்கடையில் எனக்கு ஒரு நல்ல துணை கிடைத்தது. ஓய்வுபெற்ற சுபேதார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கம்பளிக்கோட்டின் எல்லாப் பித்தான்களையும் போட்டிருந்தார். நான் தமிழ்நாட்டிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும், நாற்காலியை என் பக்கம் திருப்பி உட்கார்ந்தார். என் இந்தி அரைகுறை. அவர் அதைப் பொருட்படுத்தாமல், எனக்குப் புரியும் வரை ஒவ்வொரு வாக்கியத்தையும் வேறு வேறு சொற்களில் சொன்னார்.

முதலில் பெயரைத் திருத்தினார். பிரிட்டனின் மிக உயர்ந்த போர்வீர விருதான விக்டோரியா கிராஸை அறிவித்த லண்டன் அரசிதழில் இவர் பெயர் கோபர் சிங் என்று அச்சாகியிருக்கிறது, ஆங்கில நூல்களும் அப்படியே எழுதிவருகின்றன. இந்தியில் கோபர் என்றால் சாணம். "எழுதியவனுக்கு மொழி தெரியவில்லை. எங்கள் பையன் கபர்" என்றார். நூறாண்டுக்கும் முன் இறந்துபோனவரை அவர் பையன் என்று சொன்னது என் காதில் நின்றது. ஆனால் கணக்கு சரிதான். மார்ச் 10-இலிருந்து ஏப்ரல் 21-க்கு 42 நாட்கள். சரியாக ஆறு வாரம். இருபது வயதுக்கு ஆறு வாரம் குறைவான ஒருவரை எழுபது வயதுக்காரர் வேறு எப்படிச் சொல்வார்?

நெவ் ஷப்பெலில் என்ன நடந்தது என்பதைப் பிஸ்கட்டுகளை வைத்து விளக்கினார். ஐந்து ரூபாய்ப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து, மேசையில் பிஸ்கட்டுகளை ஒரே நேர்கோட்டில் அடுக்கினார். "பதுங்குகுழி இப்படி இருந்தால் என்ன ஆகும்? ஒரு முனையில் ஒரு துப்பாக்கியை வைத்தால் மறுமுனை வரைக்கும் எல்லாரும் காலி." பிறகு அவற்றைக் கலைத்து, கோட்டை மதில்போல் முன்னும் பின்னுமாக மடித்து அடுக்கினார். சில கஜங்களுக்கு ஒரு முறை குழி ஒரு மண்திட்டைச் சுற்றித் திரும்பும். குண்டு ஒரு மடிப்புக்குள் விழுந்தால் அடுத்த மடிப்பில் இருப்பவர்களுக்குச் சேதமில்லை. எதிரியின் குழிக்குள் இறங்கிவிட்டவனுக்கோ ஒவ்வொரு மூலைக்கும் அப்பால் யார் காத்திருக்கிறார்கள் என்பது தெரியாது. முதலில் வெடிகுண்டை வீசுவார்கள். அந்த நாளில் கையெறிகுண்டுக்கும் பஞ்சம். ஜாம் டப்பாவில் வெடிமருந்தை அடைத்துக் கையாலேயே செய்துகொண்டார்கள். குண்டு வெடித்த கணத்தில் ஒருவன் துப்பாக்கி ஈட்டியோடு மூலையைத் திரும்பி ஓட வேண்டும். "அந்த ஒருவன் யார் என்பதுதான் கேள்வி" என்று சொல்லி, சுட்டுவிரலை ஒரு பிஸ்கட்டின் ஓரத்தில் வைத்து, மெல்லத் திருப்பினார். அடுத்த ஓரம். அதற்கடுத்த ஓரம். ஒவ்வொரு மூலையிலும் முதல் ஆளாகத் திரும்பியவர் கபர் சிங் என்பதைத்தான் விருதுக் குறிப்பும் சொல்கிறது. எதிரிகள் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் சரணடைந்தார்கள். அந்த மோதலிலேயே அவர் கொல்லப்பட்டார்.

எத்தனையாவது மூலை என்று கேட்டேன். சுபேதார் தலையை மட்டும் அசைத்துவிட்டு, பதுங்குகுழியின் ஒரு மடிப்பை எடுத்துத் தேநீரில் தோய்த்துச் சாப்பிட்டார்.

அன்று காலை ஏழரை மணிக்கு பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கத் தொடங்கி, 35 நிமிடங்களுக்குப் பிறகு, எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் காலாட்படை எழுந்து ஓடியது. மீரட் டிவிஷனின் கர்வால் பிரிகேடு முதல் அலையில் இருந்தது. முதலாம் பட்டாளம் திசை தவறி, பீரங்கிகள் தொட்டிராத ஒரு பகுதிக்குள் போய் மாட்டிக்கொண்டு பெருத்த சேதத்தைச் சந்தித்தது. மார்ச் 13 வரை நீடித்த போரில் கொல்லப்பட்டும் காயமுற்றும் போன இந்தியர்கள் 4,200 பேர். கிராமம் கிடைத்தது, குறிவைத்த ஓபர் முகடு கிடைக்கவில்லை. கர்வால்காரர்களின் இரண்டு பட்டாளங்களிலும் மிஞ்சியவர்களைச் சேர்த்து ஒன்றாக்க வேண்டியதாயிற்று.

தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் பணம் கொடுக்கச் சுபேதார் என்னை விடவில்லை. அதற்காகக் கடைக்காரருடன் சத்தமாகச் சண்டை போட்டார்.

ஏப்ரல் 21, சம்பா

ஐந்து மணிக்கெல்லாம் கீழ்த்தெருவில் டோலும் தமாவும் முழங்கத் தொடங்கிவிட்டன. இரண்டும் மலைநாட்டுக் கொட்டு வாத்தியங்கள். நம் தவிலும் உறுமியும் சேர்ந்து முழங்குவதைப் போல ஒரு பெரியதும் ஒரு சிறியதும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நேற்று முன்தினம் வெண்கோடாகத் தெரிந்தது இன்று தனித்தனிச் சிகரங்களாக நின்றது. குளிர்ந்த நீரில் முகம் கழுவியதற்கே பல் தந்தியடித்தது.

படையினர் வரிசையாக வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பைமேளம். ஸ்காட்லாந்துக்காரர்களின் அந்தக் கருவியைப் பட்டாளத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்ட மலைக்காரர்கள், அதற்கு மஷக்பீன் என்று பெயர் வைத்து, ஊருக்குத் திரும்பிய பிறகு கல்யாணங்களிலும் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது அது இல்லாமல் மாப்பிள்ளை அழைப்பு நடப்பதில்லையாம். மலர்வளையம் வைத்தார்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். பட்டாளத்தின் முழக்கமான "பத்ரி விஷால் லால் கீ ஜெய்" எழுந்தபோது, ராட்டினத்தில் ஏறக் காத்திருந்த பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். நெவ் ஷப்பெலில் குழியைவிட்டு எழுந்து ஓடியவர்களும் இப்படித்தான் கத்தியிருப்பார்கள் என்ற நினைப்பு வந்தது. அப்போது என் முன்னால் நின்ற சிறுமி பஞ்சுமிட்டாயைத் தின்றுகொண்டே கத்தினாள்.

பிறகு மேடைப் பேச்சுகள். அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் முந்தையவர் சொன்னதையே சொன்னார்கள், வெயில் ஏறிக்கொண்டே போனது, படைவீரர் ஒருவர் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டார். ஒரு பேச்சாளர் கபர் சிங்கையும் தர்வான் சிங்கையும் குழப்பிக்கொண்டு கூட்டத்தாரால் திருத்தப்பட்டார். தர்வான் சிங் நேகியும் இதே படைப்பிரிவுதான், ஆனால் முதலாம் பட்டாளம். 1914 நவம்பரில் ஃபெஸ்டுபெர் என்ற இடத்தில் விக்டோரியா கிராஸ் பெற்று, உயிரோடு திரும்பி வந்தவர். அவர் பிரிட்டிஷ் மன்னரிடம் கர்ணபிரயாகையில் பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. உயிரோடு வந்தவரால் கேட்க முடிந்தது.

நான் எதிர்பார்த்து வந்தது துக்கத்தை. பூவும் மௌனமும் இருக்கும் என்று நினைத்து, பெட்டியில் ஒரு வெள்ளைச் சட்டையும் வைத்திருந்தேன். ஆனால் பத்தரை மணிக்கு மேல் அங்கே நடந்தது அசல் திருவிழா. ஜிலேபி நூறு கிராம் 30 ரூபாய், ராட்டினம் 50. நினைவிடத்துப் படியில் அமர்ந்து ஒரு புதுமணப்பெண் வளையல்களைப் போட்டுப் பார்த்தாள். பலூன் சுடும் கடையில் கூட்டம் அதிகம். சுட்டவர்களில் பாதிப் பேர் விடுமுறையில் வந்த சிப்பாய்கள் என்பதால் கடைக்காரர் முகம் வாடியிருந்தது. இறந்தநாளை வைத்து நினைவுகூர்ந்திருந்தால் மார்ச் மாதக் குளிரில் சிலர் வந்து தலைகுனிந்துவிட்டுப் போயிருப்பார்கள். பிறந்தநாள் என்பதால் ஊரே வருகிறது, தின்கிறது, சத்தம் போடுகிறது. வெள்ளைச் சட்டையின் மேல் ஜிலேபிப் பாகு சிந்தி, மாலைக்குள் அது போடத் தகுதியற்றதாயிற்று.

சுபேதாரைக் கூட்டத்தில் பார்த்தேன். பதக்கங்களை அணிந்திருந்தார். என்னைக் கண்டதும் சல்யூட் அடித்தார். எனக்குக் கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் கும்பிட்டேன்.

ஏப்ரல் 22, மஞ்சியூட் போகும் வழியில்

கிராமத்துக்கு நடந்தே போகலாம் என்று மதியத்துக்கு மேல் கிளம்பியது தவறு. மலையில் மதியத்துக்கு மேல் எதையும் தொடங்கக் கூடாது என்று விடுதிக்காரர் சொன்னபோது, வானம் நீலமாக இருக்கிறதே என்று நான் அவரைப் பார்த்துச் சிரித்திருந்தேன். அரைமணி நேரத்தில் மேற்கே ஒரு கருமை எழுந்தது. காற்றில் குளிர் ஏறியது. முதல் ஆலங்கட்டி என் குடையின் மீது விழுந்தபோது யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் கொண்டைக்கடலை அளவிலிருந்து நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டன. குடைக்கம்பி ஒன்று முறிந்தது.

சாலைக்குக் கீழே இருந்த ஒரு வீட்டிலிருந்து பெண்குரல் ஒன்று கூப்பிட்டது. பலகைக்கல் வேய்ந்த கூரை. திண்ணையில் விறகும், ஒரு கன்றுக்குட்டியும், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாளும். நான் ஏறிக்கொள்ள இடம் விட்டு, கன்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கூரைமேல் விழுந்த ஆலங்கட்டிச் சத்தத்தில் இருவரும் பேச முடியாமல் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம். முற்றத்துக்கு அப்பால் பட்டாணிச்செடிகள் படுத்துக்கொண்டிருந்தன. அதைக் காட்டி ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை.

மழை அடங்கியதும் புராஞ்ச் பூவின் சாற்றைத் தண்ணீரில் கலந்து, ஒரு பித்தளை டம்ளரில் கொடுத்தார்; வசந்தத்தில் காடெல்லாம் சிவப்பாகப் பூக்கும் மரம் அது. கூடவே ஒரு தட்டில் பழுப்பு நிறத்தில் வட்டமான பலகாரம். வாயில் வைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிரசம். ஐயமே இல்லை, பச்சரிசி மாவு, வெல்லப்பாகு, ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் மென்மை. அர்சா என்கிறார்கள். கல்யாணம் என்றால் கூடை கூடையாகச் செய்து பெண்ணோடு அனுப்புவார்களாம். பத்ரிநாத்தின் தலைமைப் பூசகர் கேரளத்து நம்பூதிரி என்பதால், தெற்கேயிருந்து வந்தவர்கள் வழியாக வந்த பலகாரம் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். அது எப்படியோ போகட்டும், தீபாவளிக்கு மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்து திருட்டுத்தனமாக எடுத்துத் தின்ற அதே ருசி.

கபர் சிங்கின் மனைவியைப் பற்றி அவர்தான் சொன்னார். சதூரி தேவி. கணவர் இறந்தபோது அவரும் சிறுபெண். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கணவரின் பதக்கத்தைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் தன் உடையின் மீது குத்திக்கொள்வார். "என் மாமியார் பார்த்திருக்கிறார்" என்று சொல்லி, அந்த அம்மாள் தன் இடது தோளுக்குக் கீழே, மேலாடை மடிப்பின்மீது, மூன்று விரல்களைக் குவித்து வைத்துக் காட்டினார். பட்டாளத்துக்காரர்கள் அந்தப் பதக்கத்தைக் கண்டால் அவருக்குச் சல்யூட் அடிப்பார்களாம். புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டு போகும் ஒரு கைம்பெண்ணுக்குச் சீருடைக்காரன் சல்யூட் அடிக்கும் காட்சியை நானாகக் கற்பனை செய்துகொண்டேன். புல்லுக்கட்டு என் சேர்க்கை.

பிரெஞ்சு மண்ணில் கபர் சிங்குக்குத் தனிக்கல்லறை இல்லை. நெவ் ஷப்பெலில் 1927-இல் எழுப்பப்பட்ட இந்திய நினைவுச்சின்னத்தில், உடல் கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கிறது. நடுவில் ஓர் உயரமான தூண், அதைச் சுற்றி வட்டமாக மதில். அந்த மதிலுக்குப் போய்த் தன் கணவர் பெயரைத் தடவிப் பார்க்கச் சதூரி தேவிக்கு வாய்த்திருக்குமா என்று கேட்டேன். "எங்கே பேட்டா" என்றார் அம்மாள். "டேராடூனே அப்போது தூரம்."

அவர் பேரன் லடாக்கில் இருக்கிறான், வயது இருபத்தொன்று. கைப்பேசியில் படம் காட்டினார். திரையில் விரிசல் விழுந்திருந்ததால் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. நேரமாகிவிட்டது, கிராமம் வரை போகாதே, இருட்டில் சிறுத்தை வரும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். மஞ்சியூட்டைப் பார்க்காமலே திரும்பினேன். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஆறு அர்சா.

ஏப்ரல் 24, லான்ஸ்டௌன்

சம்பாவிலிருந்து நேற்று இறங்கி, கோட்துவாரில் தங்கி, இன்று ஏறினேன். பேருந்தின் சக்கரம் துகட்டாவுக்கு முன்னால் காற்றிழந்தது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதை மாற்றும் ஜாக்கி இல்லை. பின்னால் வந்த லாரிக்காரர் தன்னுடையதைக் கொடுத்து, ஓட்டுநரைத் திட்டி, தானே படுத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்டினார். இரண்டு மணி நேரம் போயிற்று. பட்டாளத்தின் அருங்காட்சியகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மூடிவிட்டார்கள். நாளை மறுநாள் எனக்கு ரயில்.

அதனால் கடைத்தெருவில் நடந்தேன். 1887-இல் கர்வால் பட்டாளம் முகாமிட்ட காலத்தில் இந்த ஊருக்குக் காலுடாண்டா என்று பெயர், அதாவது கரும்மலை. பின்னர் வைஸ்ராயின் பெயரைச் சூட்டினார்கள். ஊர் முழுவதும் இன்றும் பட்டாளம்தான். மாலையில் ஒரே நிறச் சட்டையும் ஒட்ட வெட்டிய முடியுமாக, புதிதாகச் சேர்ந்த பையன்கள் மேட்டுச் சாலையில் ஓடினார்கள். கடைசியாக ஓடிய பையனுக்கு மூச்சு இரைத்தது. கடந்துபோகையில் என் கையிலிருந்த அர்சாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான். கபர் சிங் இங்கே ஓடிய வயது பதினெட்டு.

ஒரு தையல்கடை வாசலில் நின்றேன். சீருடைக்குப் பெயர்ப்பட்டை தைக்கும் கடை. மேசைமேல் பச்சைத் துணிப்பட்டைகள் குவிந்திருந்தன: நேகி, ராவத், நேகி, பிஷ்ட், நேகி, குசாயின், ராவத், நேகி. இத்தனை நேகி இருந்தால் பயிற்சியில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டேன். "படை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்" என்றார் தையல்காரர், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நேகி நாற்பத்திரண்டு, நேகி பதினேழு. அதற்குப் பிறகும் மோதினால் அப்பன் பெயர்." ஒரு பட்டையை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, மற்றவற்றின் மேல் போட்டார்.

ஊர் சுற்ற வருகிறவர்களும் நினைவுக்காகத் தைத்துக்கொண்டு போவதுண்டாம், ஒன்று 40 ரூபாய். எனக்கும் ஒன்று தைக்கவா என்று கேட்டார். என் பெயர் வேண்டாம் என்றேன்.

"வேறு யார் பெயர்?"

துணியை ஊசிக்கடியில் நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.